கத்தரிக்காயா, கருவாடா?

நான் பிறந்து வளர்ந்தது ஆவடி. சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்தது அம்பத்தூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில். என் சின்ன வயதில் எங்கள் பக்கத்தில் அலர்ஜி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. உடம்பில் தடிப்பு எழும்பி, பிள்ளை சொறிந்துகொண்டு வந்து நின்றால், "என்னத்தத் தின்ன?" என்று பாட்டி கேட்பாள். பதில் எதுவாக இருந்தாலும் அடுத்த பத்து நாளைக்குக் கத்தரிக்காய், கருவாடு, இறால், நண்டு நான்கும் வீட்டுக்குள் வராது. எல்லாம் கரப்பான், அதாவது தோலில் அரிப்பும் புண்ணும் கிளப்புபவை. புண் ஆறவேண்டும், அரிப்பு அடங்கவேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

இந்தப் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. சித்த மருத்துவம் கரப்பான் பண்டங்கள் என்று ஒரு வரிசையே சொல்கிறது. சோளம், கம்பு, வரகு, வாழைக்காய், பாகற்காய், கெளிற்று மீன் அதில் வரும். எங்கள் பாட்டியின் பட்டியலோ வேறு. அதில் பெரும்பகுதி கடலிலிருந்து வந்தது. கடலோர ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் 1856-ல் ஓடத் தொடங்கிய ரயில் அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போனது. என் சிறு வயதில் மீன்காரம்மாக்கள் அந்தப் பாதையில்தான் கூடையோடு வந்து இறங்குவார்கள். ஏரி மீன் தின்ற ஊருக்குக் கடல் இறாலும் சென்னாகுனி என்ற குட்டி இறால் கருவாடும் பழகின. பழகியதில் எது யாருக்கு ஆகவில்லை என்று பார்த்துப் பார்த்து, பெண்கள் தங்கள் பட்டியலைத் தாங்களே திருத்தி எழுதிக்கொண்டார்கள். அது வெறும் மூடநம்பிக்கை இல்லை. கண்ணால் கண்டதை மறக்காமல் வைத்திருந்த அறிவு.

அதில் ஒரு சிக்கலும் இருந்தது. எங்கள் வீட்டுக் கத்தரிக்காய்த் தொக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னாகுனியை வெறும் சட்டியில் வறுத்து, மண் போகப் புடைத்து, கத்தரிக்காய் பாதி வெந்ததும் அதில் கொட்டிக் கிளறுவார்கள். காயின் சதையோடு குனி கரைந்துவிடும். அதைத் தின்றவனுக்குத் தடித்தால் குற்றவாளி கத்தரிக்காயா, கருவாடா? பாட்டிக்குப் பிரித்துப் பார்க்க வழியில்லை. அதனால் இரண்டையும் சேர்த்தே தள்ளிவைத்தாள். அவனுக்கு ஆகாததை வீட்டில் எல்லாருக்குமே நிறுத்தினாள்.

பிரித்துப் பார்க்கும் வழி வேறு தேசங்களில் மெல்ல மெல்லத் திறந்தது. பிரான்சில் சார்ல் ரிஷே, பால் போர்ட்டியே இருவரும் 1902-ல் ஒன்றைக் கண்டார்கள். முதல் தடவை தாங்கிக்கொண்ட நஞ்சை, சில வாரம் கழித்துக் கொஞ்சமாகக் கொடுத்தாலும் நாய் செத்துப்போனது. உடம்பு தன்னைக் காக்கும் வேலையே அதற்கு எதிராகத் திரும்பக்கூடும் என்று அப்போதுதான் புரிந்தது. அலர்ஜி என்ற பெயரை வியன்னா மருத்துவர் பிர்கே 1906-ல் வைத்தார். ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்ற ஜெர்மன் மருத்துவருக்கு வெந்த மீன் ஆகாது. அவருடைய ரத்தத்தின் சீரத்தைச் சக மருத்துவர் பிராஸ்னிட்ஸ் தன் தோலில் ஏற்றிக்கொண்டார்; 1921-ல் வெளியான சோதனை இது. மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைக் குத்தினார். அந்த இடம் மட்டும் தடித்தது. கோளாறு மீனில் மட்டும் இல்லை, அந்த ஆளின் ரத்தத்திலும் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. அந்தப் பொருள்தான் ஐஜிஇ என்று 1966-ல் இஷிஸாகா தம்பதி காட்டினார்கள்.

பாட்டியின் கேள்விக்கு மைசூரிலிருந்து ஒரு பதில் வந்தது. 741 பேரிடம் கத்தரிக்காய் பற்றி நடத்திய ஆய்வு 2008-ல் வெளியானது. தின்றால் ஒத்துக்கொள்வதில்லை என்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 9 பேர். ரத்தத்தில் ஐஜிஇயோடு கூடிய உண்மையான அலர்ஜி நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. கத்தரிக்காயில் இயல்பாகவே ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் இருப்பதால் நமைச்சல் எடுக்கலாம். அது தொந்தரவு, பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. இறால் அப்படி இல்லை. அதிலுள்ள டிரோப்போமையோசின் என்ற புரதம் எவ்வளவு வெந்தாலும் அழியாது. ஆகாதவருக்குக் கொதிக்கும் ஆவி பட்டாலே மூச்சு இழுக்கக்கூடும். ஒரே தொக்கில் கிடந்த இரண்டும் இரண்டு வேறு வகைக் குற்றவாளிகள்.

இந்தப் பதில் வருவதற்குள் எங்கள் ஊரே மாறிவிட்டிருந்தது. 1949-ல் அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி, 1961-ல் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, 1964-ல் அம்பத்தூர் எஸ்டேட். குவார்ட்டர்ஸில் பஞ்சாபிக்காரரும் வங்காளியும் குடிவந்தார்கள். சப்பாத்தியும் கடுகெண்ணெயும் வந்தன. ஷிப்டுக்குப் போகிற அம்மாக்கள் பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். பள்ளியில் அமெரிக்காவின் ‘கேர்’ அனுப்பிய பால் பவுடரைக் கரைத்து ஊற்றினார்கள். சில பிள்ளைகளுக்கு வயிறு கடகடவென்று போகும். பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி தென்னிந்தியரில் பலருக்கு வளர வளரக் குறைந்துவிடும். அது அலர்ஜி இல்லை, சேராமை. பால் அலர்ஜி என்பது பாலின் புரதத்துக்கு எதிரானது. அதில் ஒரு வாய் பாலே ஆபத்தாகலாம்.

1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கினார். 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முட்டை வந்தது, 2010-ல் வாரம் ஐந்தானது. முட்டை தின்னாத பிள்ளைக்கு வாழைப்பழம் என்று ஏற்பாடு. சைவக் குடும்பத்தை நினைத்துச் செய்த அந்த ஏற்பாடு, முட்டை ஆகாத பிள்ளைக்கும் உயிர்க்காப்பு. எங்கள் பள்ளியில் முட்டை தின்றால் உதடு வீங்கும் பெண்குழந்தை ஒருத்தி இருந்தாள். அவள் பாட்டி கேட்டருகே நின்று சொன்னாள்: "இதுக்கு முட்டை ஒத்துக்காது டீச்சர். நாக்குல பட்டாலே வீங்குது. பழமே குடுங்க." அவள் வாய்வார்த்தைதான் எனக்குக் கிடைத்த மருத்துவச் சீட்டு. 2013-ல் கலவைச் சாதமும் மசாலா முட்டையும் வந்தபோது ஆயாம்மாவிடம் சொல்லி, முட்டை அண்டாவின் கரண்டி சாதத்தில் விழாதபடி தனிக் கரண்டி வைத்தோம். அந்தக் குழந்தைக்கு முதலில் பரிமாறிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு.

பழைய அடுக்களையில் நல்ல குணம் ஒன்று இருந்தது. சமைத்தவள் சாப்பாட்டில் என்ன போட்டாள் என்பதைச் சொன்னாள். பாக்கெட்டில் அந்த ஆள் இல்லை. அவள் இடத்தில் அட்டை பேச வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிப்படி கோதுமை போன்ற குளூட்டன் தானியம், இறால்–நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலை, முந்திரி–பாதாம் போன்ற கொட்டைகள், சோயா இவற்றைத் தனியாகக் குறிப்பிட்டாக வேண்டும். சல்பைட் கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். ஆனால் கட்டாய விவரம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது அதே விதி. கேட்டருகே நின்ற அந்தப் பாட்டி இந்த அட்டையை எப்படிப் படிப்பாள்? தமிழ்நாட்டில் விற்கும் பாக்கெட்டில் இந்த எச்சரிக்கையாவது தமிழில் இருக்க வேண்டும். இதை நான் சலுகையாகக் கேட்கவில்லை.

பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் ரத்த வகையைக் கேட்கிறோம். என்ன சாப்பாடு ஆகாது, சாப்பிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு வரி சேர்த்துக் கேட்கலாம். தின்ற சில நிமிடத்தில் முகம் வீங்கி, மூச்சு இழுத்து, வாந்தியெடுத்து, பிள்ளை துவண்டால் மஞ்சள் பற்று போட்டுக் காத்திருக்க நேரமில்லை. உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான் அப்போது முதல் மருந்து.

அதே சமயம், பயந்துகொண்டு எல்லாவற்றையும் எல்லாருக்கும் நிறுத்தவும் கூடாது. லண்டனில் 640 குழந்தைகளை வைத்து நடத்தி 2015-ல் வெளியான ஆய்வில், கைக்குழந்தைப் பருவத்திலேயே வேர்க்கடலை உணவு தின்னப் பழகிய குழந்தைகளுக்கு அந்த அலர்ஜி வருவது சுமார் எண்பது சதவீதம் குறைந்தது. பால், முட்டை அலர்ஜி பல பிள்ளைகளுக்கு வளர்ந்ததும் போய்விடும். இறால் பெரும்பாலும் போகாது. ஆகவே மருத்துவரிடம் சோதித்து, இந்தப் பிள்ளைக்கு இது மட்டும் என்று பட்டியல் போட வேண்டும், சில வருஷத்துக்கு ஒருமுறை அதைத் திருத்தவும் வேண்டும். பாட்டிகள் செய்ததும் திருத்துகிற வேலைதான். நம்மிடம் இன்று கூடுதலாக இருப்பது, கத்தரிக்காயையும் கருவாட்டையும் பிரித்துப் பார்க்கும் வசதி. அதை ஆவடிப் பாட்டிக்கும் புரிகிற மொழியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது மீதி வேலை.