விடியவிடிய ஆடிய கூத்தும் பல்கலைக்கழக மாணவரும்

யாழ்ப்பாணத்தில் தொண்டைமானாற்றைக் கடந்தால் வடமராட்சி. அங்கு காத்தவராயன் கூத்து நேர்த்திக்காகவும் ஆடப்பட்டது. ஆனால் 1950களில், படித்தவர்கள் பலருக்குக் கூத்து நாட்டுப்புறத்தாரின் பொழுதுபோக்குதான்.

அந்த எண்ணத்தை மாற்றியவர்களில் மாணவர்களும் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தெல்லிப்பழையைச் சேர்ந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்பு வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைக் கொண்டு மாணவருக்கு ஆட்டம் பழக்கினார். 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்து மேடையேறியது. விடியவிடிய நீளும் கூத்து சுருக்கப்பட்டது. பார்வையாளர் சுற்றியிருக்க வட்டக்களரியில் ஆடியது, ஒருபுறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு வந்தது. வடமராட்சிக் கரவெட்டியில் பிறந்த கார்த்திகேசு சிவத்தம்பியும் இம்முயற்சிக்குத் துணைநின்றார்.

ஆட்டம் எளிதன்று. மத்தளத்தின் தாளக்கட்டுக்கு மிதித்தபடியே மூச்சு முட்டாமல் பாடவேண்டும். விரிவுரைகளுக்கும் பரீட்சைகளுக்கும் நடுவே அதற்கும் நேரம் ஒதுக்கவேண்டும்.

அம்மாணவர்களுள் ஒருவர் மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு. 1960களின் நடுப்பகுதியில் ‘இராவணேசன்’ கூத்தை எழுதி, இராவணனாகவும் ஆடினார். அதோடு அவர் நிற்கவில்லை. மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுசெய்து கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, அதே ‘இராவணேச’னைப் புதிய தலைமுறை மாணவருக்குப் பழக்கி மீண்டும் மேடையேற்றினார்.