ரோம வளையமும் 105 டிகிரியும்

செகண்ட் ஹேண்டில் ஒரு ஜிடிஎக்ஸ் 1060 வாங்கினேன். ஃபர்மார்க்கை ஓடவிட்டதும் பத்தே நிமிஷத்தில் 82 டிகிரி. பயந்துபோய் நிறுத்திட்டேன். பயம் நியாயமா என்று தேடப்போய்க் கிடைத்ததுதான் இந்தக் கதை.

ஃபர்மார்க் காட்டுவது ரோமம் அடர்ந்த ஒரு வளையம் சுழல்வதை, அவ்வளவுதான். ஆனால் சாதாரணமாக எந்த கேமும் இழுக்காத அளவுக்குக் கார்டை மின்சாரம் இழுக்க வைக்கும். 2008-ல் ஏஎம்டி தன் டிரைவரில், அந்த ஃபைலின் பெயரைக் கண்டாலே வேகத்தைக் குறைக்கும்படி செய்தது. நம்ம ஆட்கள் சும்மா இருப்பார்களா? பெயரை மாற்றினார்கள், பழைய வேகம் திரும்பிவிட்டது!

கம்பெனிகளின் கவலை சிப்பைப் பற்றி மட்டுமல்ல. அதற்கு மின்சாரம் தரும் பாகங்களும் வெந்துபோகும். அந்தச் சூடு நாம் திரையில் பார்க்கும் சிப் வெப்பநிலையில் தெரியாது.

2010 மார்ச்சில் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 480 வந்தது. 250 வாட், உச்சவரம்பு 105 டிகிரி. கேம் ஆடும்போதே 90-ஐத் தாண்டியதால், இதில் முட்டை பொரிக்கலாம் என்று கிண்டலடித்தார்கள். அதே நவம்பரில் வந்த 580-ல் மின்சாரத்தை அளக்கும் சிப்களைக் கார்டிலேயே வைத்தார்கள். ஃபர்மார்க்கோ ஓசிசிடியோ ஓடுவது தெரிந்தால் கார்டு தானாக அடங்கிவிடும்.

2013-ல் ஏஎம்டி தன் ஆர்9 290எக்ஸ் 95 டிகிரியில் ஓடுவது இயல்பு என்றே சொல்லிவிட்டது.

என் கார்டுக்கு உச்சவரம்பு 94. தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றியதும் 75-க்கு இறங்கியது. ஆனாலும் அந்த வளையத்தை ஐந்து நிமிஷத்துக்கு மேல் சுற்றவிட மனசு வரலை.