நாணலும் வேலிகாத்தானும்

மாதனூர் பக்கம் பாலாற்றில் இறங்கி நடந்தால் கால் புதைகிற மணல் கொஞ்ச தூரம்தான். அப்புறம் முள். நட்டாற்றில் ஆள் உயரத்துக்கு வேலிகாத்தான் நிற்கிறது. சீமைக்கருவேலத்துக்கு வேலூர்ப் பக்கத்தில் அதுதான் பெயர். முள்ளுக்கு நடுவே ஒரு மணல் திட்டு. அதில் வெள்ளை வெளேரென்று பூத்திருந்த நாணலை ஒரு பெரியம்மா அறுத்துக்கொண்டிருந்தார். ஆட்டுக் கொட்டகைக்குக் கூரை போடவாம். பேச்சுக் கொடுத்தேன்.

"தண்ணி வந்து போற எடத்துல நாணலு வரும் தம்பி. வராத எடத்துல வேலிகாத்தான்தான்."

வந்து போற. இந்த இரண்டு வினைகளும் சேர்ந்தால்தான் நாணலின் கதை முழுமையாகும்.

நாணல் என்ற பெயரை நாணுதலோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். வெள்ளத்துக்கு நாணித் தலை குனிகிற புல், அதனால் நாணல் என்பார்கள். எனக்கு இந்த விளக்கம் பாதி வழிதான் வருகிறது. குனிவது வெள்ளம் வருகிற ஓரிரு நாள் வேலை. மற்ற நாளெல்லாம் அது மணலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெரியம்மா ஒரு தூரைப் பிடித்து இழுத்தார். மணலுக்கு அடியிலிருந்து ஒரு முழ நீளத் தண்டு கூடவே வந்தது. விரல் மொத்தம், வெளிர் மஞ்சள். கணுவுக்குக் கணு வேர்க்கொத்து, வேரெல்லாம் ஈர மணல். கையில் வாங்கியதும் எனக்கு நினைவு வந்தது வெட்கப்படுகிற நாணம் இல்லை, கயிறு என்று பொருள்படும் நாண். ஆற்றை ஆறாகக் கட்டி வைத்திருக்கும் கயிறு இது.

பழைய தமிழில் இந்தப் புல் சாதிக்கு இன்னொரு பெயர் வேழம். ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் ஓரம்போகியார் பாடிய ஒரு பத்துக்கே வேழப்பத்து என்று பெயர். அங்கே வேழம் யானை இல்லை, நீர்க்கரையில் வெள்ளைப் பூவோடு நிற்கும் புல். வேழம் என்ற அதே சொல் கரும்பையும் குறிக்கும். பேச்சு வழக்கிலும் நாணலுக்குப் பேய்க்கரும்பு என்ற பெயர் உண்டு. இது வெறும் தோற்ற ஒற்றுமை இல்லை. 1912இல் தொடங்கிய கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற கரும்பை நாணலோடு ஒட்டுச் சேர்த்தார்கள். அதில் பிறந்த கோ 205 ரகம் 1918இல் வெளிவந்தது. வட இந்தியாவின் குளிரையும் வறட்சியையும் கரும்பு தாங்கியது நாணல் கொடுத்த உறுதியால். இரண்டும் ஓர் இனம் என்பதைத் தமிழ்ச் சொல் முன்பே பிடித்து வைத்திருந்தது. தாமிரபரணிக் கரையில் நாணல்காடு என்று ஓர் ஊரே இருக்கிறது. ஆறு ஓடுகிற ஊர் அது.

ஆற்றுக்கும் நாணலுக்கும் உள்ள ஏற்பாடு நுட்பமானது. வெள்ளம் வரும்போது பழைய திட்டுகளை அரித்து, வேர் ஊன்றாத இளம் மரக்கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டு போகும். வடியும்போது புது மணலை விரித்துவிட்டுப் போகும். மழைக்காலம் முடியும் தறுவாயில் நாணலின் பஞ்சு விதைகள் காற்றில் கிளம்பி, அந்த வெற்று ஈர மணலில் விழும். வெள்ளம்தான் ஆற்றுக்குக் களையெடுப்பு. அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் 1963இல் கிளென் கேன்யன் அணையின் கதவுகளை அடைத்தபின் கீழே மணல் திட்டுகள் கரைந்தன. வெள்ளம் வராத கரையை அயல்நாட்டு டாமரிஸ்க் புதர் பிடித்துக்கொண்டது. 1996இல் அவர்களே அணையைத் திறந்து செயற்கை வெள்ளம் விட்டு மணலை மீட்கப் பார்த்தார்கள்.

பாலாற்றுக்கு அப்படித் திறந்துவிட ஒற்றைக் கதவு இல்லை. 348 கிலோமீட்டர் ஓட்டத்தில் கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222. கோலார் ஏரிகளிலும் ஆந்திரத் தடுப்பணைகளிலும் தண்ணீர் நின்று நின்றுதான் இங்கே வர வேண்டும். வாணியம்பாடிக்கு மேலே புல்லூர்த் தடுப்பணை 2016இல் 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்ந்தது. வந்த மணலும் லாரிகளில் போயிற்று. வெள்ளம் இல்லை, புது மணல் இல்லை, களையெடுப்பும் இல்லை. பெயரிலேயே வேலி காக்கும் வேலையோடு கொல்லைக்கு வந்த முள்மரம் வேலியைத் தாண்டி ஆற்றுக்குள் இறங்கியது.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வேறொன்றும் நடந்தது. அங்குள்ள தோல் ஆலைகளில், உப்பில் பதப்படுத்தி வரும் தோலை முதலில் ஊற வைக்க வேண்டும். அந்த ஊறல் தண்ணீர் முழுக்க உப்பு. ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலம் போய்க் குரோமியம் வந்தபோது கழிவின் நஞ்சும் கூடியது. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில் தந்த தீர்ப்பு, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதைப் பதிவு செய்தது. ஊர்ச் சாக்கடையும் கழிவும் சேர்ந்து ஆற்றோரம் கறுத்துத் தேங்கும் இடங்களில் சம்புப் புல் அடர்ந்து நிற்கிறது. பச்சைப் பசேலென்று இருப்பதால் பார்க்கிறவர்களுக்கு ஆறு செழிப்பாகத் தோன்றும். அங்கே தண்ணீர் வந்தது, போகவில்லை. அதனால் நாணலும் இல்லை.

2021 நவம்பரில் தண்ணீர் வந்தது. 1903இல் வாணியம்பாடியைச் சூறையாடிய வெள்ளத்தைப் பெரியவர்கள் நினைவுகூரும் அளவுக்கு வந்தது. தரைப்பாலங்கள் உடைந்தன. "இந்த மேடே அப்போ ஒதுங்குன மணலு. அதுக்கு முன்னால இங்க முள்ளுதான்" என்று காலால் தட்டிக் காட்டினார் பெரியம்மா.

கட்டு பெரிதாகிவிட்டது. கயிறு கொண்டுவரவில்லை. அறுத்ததில் இரண்டு பிடி உருவி, நுனியோடு நுனி சேர்த்து முறுக்கினார். சோகையின் ஓரம் விரலைக் கீறியதை முந்தானையில் துடைத்துக்கொண்டார். முறுக்கிய நாணலைக் கட்டுக்கு அடியில் விட்டு, முழங்காலை ஊன்றி இறுக்கி முடிந்தார். நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கித் தலையில் ஏற்றிவிட்டேன்.