ஒரே ஆவி, இரண்டு வேலை

கீழ்க்கட்டளையில் குடிவந்த புதிதில் அலுவலகம் போகப் பல்லாவரத்தில் ரயில் ஏறுவேன். அப்போது ஓடியது மீட்டர் கேஜ் மின்சார ரயில். 1931-இல் கடற்கரை–தாம்பரம் பாதையில் ஓடத் தொடங்கியது, 2004 ஜூலையில் விடைபெற்றது. நம் பகுதிப் பெரியவர்களுக்கு அந்தக் குறுகலான பெட்டியும் நெரிசலும் மறந்திருக்காது. அதே ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம் தமிழ்நாட்டில் இன்று மிச்சமிருப்பது மேட்டுப்பாளையம்–ஊட்டி மலைப்பாதையில்தான். அந்த ரயிலை ஒரு காலத்தில் மூடச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

1970-களின் கடைசியில் எனக்குக் குன்னூர்ப் பக்கம் மாற்றல். கணக்கு எழுதும் வேலை. மாலையில் பொழுது போகாமல் குன்னூர் ஸ்டேஷனுக்கு நடந்து போய், எஞ்சின் கொட்டகைக்கு அருகே நிற்பேன். மலையேறி வந்த எஞ்சின் பெருமூச்சு விட்டுக்கொண்டு நிற்கும். நிலக்கரிப் புகையும் சூடான எண்ணெயும் கலந்த அந்த வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும்.

அந்த எஞ்சினின் விசேஷம் என்ன? சாதாரண ரயில், வழவழப்பான சக்கரத்தின் பிடிப்பை மட்டும் நம்பி ஓடுவது. கல்லாறு முதல் குன்னூர் வரை சுமார் 20 கி.மீ. தூரம், ஏறத்தாழ 12 அடி போனால் ஓர் அடி உயரும் ஏற்றம். அங்கே வெறும் சக்கரம் வழுக்குமரம் ஏறுகிற கதைதான். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் அடிவயிற்றில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்வி ஏறும். பட்டைகள் இரண்டு. ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வரும்படி தள்ளி வைத்திருப்பதால், எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்கும். இது சுவிட்சர்லாந்துக்காரரான ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை.

நான் பிறந்தது புதுச்சேரி. படித்தது பிரெஞ்சு வழியில். இந்தப் பல்லிரும்புக்குப் பிரெஞ்சில் 'க்ரெமாயேர்' என்று பெயர். பள்ளியில் அந்தச் சொல்லை நான் படித்தது வேறு பொருளில். அந்தக் காலத்துப் பிரெஞ்சு வீடுகளில், அடுப்புக்கு மேலே பாத்திரம் தொங்கவிடுகிற பல் வைத்த கொக்கிதான் க்ரெமாயேர். பல் மாற்றி மாட்டினால் பாத்திரம் ஏறும், இறங்கும். புதுமனை விருந்தையே அவர்கள் 'க்ரெமாயேரைத் தொங்கவிடுவது' என்பார்கள். நாம் பால் காய்ச்சுவது போல. சமையல்கட்டுக் கொக்கி ஒரு மலையையே ஏற்றுகிறது என்று குன்னூரில்தான் தெரிந்துகொண்டேன்.

பாதையின் வரலாறும் லேசானதல்ல. 1854-இலேயே பேச்சு எழுந்தது. பல யோசனைகள் வந்தன, போயின. 1891-இல் வேலை தொடங்கியது. எடுத்து நடத்திய கம்பெனி பணமில்லாமல் கலைந்துபோக, இன்னொரு கம்பெனி வந்து முடித்தது. 1899 ஜூன் 15 அன்று குன்னூர் வரை ரயில் ஓடியது. ஊட்டியை எட்ட 1908 அக்டோபர் ஆயிற்று. 46 கி.மீ. பாதையில் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். இன்று நாம் பார்க்கும் 'எக்ஸ்' வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்யப்பட்டு, 1914 முதல் வரத் தொடங்கியவை. கடைசித் தொகுதி 1952-இல் வந்தது.

ஒருநாள் டீக்கடையில் பேச்சு வந்தது. "வரவைவிடச் செலவு பல மடங்கு. பஸ்ஸில் போனால் பாதி நேரம் மிச்சம். இதை மூடினால் என்ன?" என்று நான்தான் ஆரம்பித்தேன். கணக்கு எழுதுகிறவன் புத்தி. பக்கத்தில் கொட்டகையில் வேலை பார்க்கும் ஃபிட்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் கோபப்படவில்லை. "நாளைக்குக் காலையில ஹில்குரோவ் வாங்க சார், காட்டறேன்" என்றார்.

போனேன். தண்ணீர் பிடிக்க நின்ற ரயில் கிளம்பியது. எஞ்சின் முன்னால் இழுக்காமல், பின்னால் நின்று தள்ளியது. பெட்டி கழன்றாலும் பள்ளத்தில் ஓடிவிடாமல் எஞ்சினே தாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்மேன். ஓட்டுநருக்கு முன்பாதை தெரியாததால், முதல் பெட்டிக்காரர் கொடி காட்டுகிறார்.

எஞ்சின் எங்களைக் கடந்தபோது ஃபிட்டர் கையை நீட்டிக் காட்டினார். கீழே இரண்டு சிலிண்டர்கள், மேலே இரண்டு. கீழ்த்தண்டுகள் சக்கரங்களைச் சுற்றின. மேல்தண்டுகள் அதைவிட வேகமாக, எதிர்த்திசையில் ஓடின. நடுவே இருக்கும் பல்சக்கர இணைப்பு அதைத் திருப்பிப் பல்லிரும்பைக் கவ்வும் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. "கீழ வேலை பாத்த ஆவிய வெளியில விட்டா வீண்தானுங்க சார். அதையே மேல அனுப்பினா, இன்னொரு வேலை பாக்குமுங்க" என்றார்.

சமதளத்தில் மேல் ஜோடி சும்மா இருக்கும். ஏற்றம் வந்தால்தான் அதற்கு வேலை. அத்தனை கணக்காக ஆவியைச் செலவழிக்கும் ஓர் எஞ்சினை நான் 'வீண் செலவு' என்றிருக்கிறேன். என் பேரேட்டில் வரவு, செலவு இரண்டு பத்திதான் இருந்தன. ஃபிட்டரின் கைத்திறனுக்கும் பிரேக்மேனின் கவனத்துக்கும் அதில் இடமில்லை. முதல் கம்பெனி கலைந்தபோது அன்றைய கணக்கர்களும் என்னைப் போலத்தான் பேசியிருப்பார்கள். அவர்கள் பேச்சோடு வேலை நின்றிருந்தால் இந்தப் பாதையே இல்லை.

பாதை மூடப்படவில்லை. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் எரிக்கும்படி எஞ்சின்களை மாற்றினார்கள். குன்னூருக்கு மேலே டீசல் எஞ்சின் வந்துவிட்டது. பல்லிரும்புப் பகுதியில் இன்றும் நீராவிதான். என்னை அதிகம் மகிழ்வித்த செய்தி வேறு. 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனையில் அதே வகை எஞ்சின்களைப் புதிதாகவே செய்தார்கள். சுவிஸ்காரன் செய்ததை நம் ஆட்கள் செய்கிறார்கள். அந்த ஃபிட்டர் போன்றவர்களின் கைத்திறன் அறுந்துபோகவில்லை.

ஊட்டிக்குப் போகிறவர்கள் மேட்டுப்பாளையத்தில் ஜன்னல் சீட்டுக்கு முண்டியடிப்பார்கள். காட்சி எங்கும் போய்விடாது. ஹில்குரோவில் வண்டி தண்ணீருக்கு நிற்கும்போது இறங்கி, பின்னால் நடந்துபோய் எஞ்சினைப் பாருங்கள். வண்டி கிளம்பும் முன் பத்திரமாக ஏறிவிடுங்கள். பேரப்பிள்ளைகள் உடன் இருந்தால், மேலே இருப்பது எந்த சிலிண்டர், கீழே இருப்பது எந்த சிலிண்டர் என்று காட்டுங்கள். எனக்கு அதைக் காட்ட ஒருவர் இருந்தார்.