சந்தேகம் மகன் மீது, சிலை தாய்க்கு

கணவர் இறந்துவிட்டார். மகனோ சிறு குழந்தை. அரியணை கொழுந்தனாரிடம் போய்விட்டது. ஒரு தாய் என்ன செய்வார்?

பத்தாம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவிக்கு வந்த நிலை இது. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு இவரைத் தெரியும். கணவர் கண்டராதித்தருக்குப் பின் தம்பி அரிஞ்சயரும் அவர் மகன் சுந்தர சோழரும் ஆண்டனர். சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலர் கொல்லப்பட்டார். 970 வாக்கில் செம்பியன் மாதேவியின் மகன் உத்தம சோழர் அரசரானார்.

கொலையில் உத்தமருக்குப் பங்கு உண்டா? இன்றும் சிலர் சந்தேகப்படுகிறார்கள். காட்டுமன்னார்கோவில் உடையார்குடிக் கல்வெட்டு துரோகிகளின் பெயர்களைச் சொல்கிறது. அதில் உத்தமர் பெயர் இல்லை.

அரசியின் கவனம் கோயில்கள் மீது இருந்தது. செங்கல் கோயில்களைக் கருங்கல்லில் கட்டினார். கோனேரிராஜபுரத்தில் கணவர் நினைவாக அவர் எழுப்பிய கோயிலில், கண்டராதித்தர் சிவனை வணங்கும் சிற்பம் இருக்கிறது.

985இல் ஆட்சி கரிகாலரின் தம்பி ராஜராஜரிடம் வந்தது. மகனின் வாரிசுக்குப் பட்டம் இல்லை. ஆனால், தாயின் மதிப்பு குறையவில்லை. 1019இல் ராஜராஜரின் மகன் ராஜேந்திரர் அவருக்குச் சிலை வைத்தார்.

கரிகாலர் ராஜேந்திரருக்குப் பெரியப்பா. பெரியப்பாவைக் கொன்ற வீடு என்று நினைத்திருந்தால், அந்த வீட்டுப் பாட்டிக்குச் சிலை வைத்திருப்பாரா?