நுண்ணோக்கியும் தூரிகையும்

காவிரிப்படுகையின் வரலாற்றை ஆராய்ந்தோர் கோயிலும் கல்வெட்டும் நீர்ப்பாசனமும் பற்றிப் பெரிதும் எழுதியுள்ளனர். நுண்ணோக்கியின் துணையாற் செடிகளின் சிற்றுறுப்புகளைக் கண்டு வரைந்த கலையும் அவ்வரலாற்றின் ஒரு கூறேயாகும். அதனை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

இராபர்ட் வைட் (1796–1872) என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்தவர். 1826இல் சென்னையில் இயற்கைப்பொருள் ஆராய்வாளராக அமர்ந்தார். 1828இல் அப்பதவி ஒழிக்கப்படவே, நாகப்பட்டினத்துப் படைமருத்துவராக அனுப்பப்பட்டார். பதவி போயினும் ஆராய்ச்சி நின்றிலது. 1831இல் விடுப்பிற் செல்லுங்காறும் செடிகளைத் தொகுத்தார். அவரிடம் பணிபுரிந்த ரங்கையா என்னும் ஓவியர் வரைந்த படங்கள் கிளாஸ்கோவிலிருந்த ஹூக்கருக்குச் சென்று, அவர் நடத்திய இதழில் வெளிவந்தன. அக்காலத்தே தஞ்சையில் ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) கண்ணோயாளர் பற்றிய குறிப்புகளோடு கண்ணின் வண்ணப்படங்களையும் வரைவித்தார். அவை சரசுவதி மகாலில் உள்ளன. எனவே, அறிவியலுக்கெனக் கண்டவாறே வரைதல் இப்பகுதியில் அந்நாளில் ஓரிடத்து மட்டும் நிகழ்ந்ததன்று என்பது பெறப்படும்.

நுண்ணோக்கி வேண்டியது எற்றுக்கு? வயல்வரப்பிற் காணும் கோரை வகைகளை நோக்குக. அவற்றுட் பல வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். சிறுகதிரின் செதிலையும் கடுகினுஞ் சிறிய கனியின் மேற்பரப்பையும் கண்டே இனம் பிரிப்பர். மேலும், வைட் ஆர்னாட்டுடன் 1834இல் வெளியிட்ட தென்னிந்தியச் செடிநூல், லின்னேயஸின் எண்முறையை விடுத்து இயற்கைமுறையைத் தழுவியது. அம்முறைக்குச் சூலகத்தின் அறைகளும் சூல் ஒட்டியிருக்கும் இடமும் இன்றியமையாதன. தொல்காப்பிய மரபியல் வயிரம் புறத்ததா அகத்ததா என நோக்கிப் புல்லையும் மரத்தையும் பகுத்தது; இந்நூல் பகுப்பின் அடிப்படையைப் பூவின் உள்ளே தேடியது.

வைட்டின் ‘ஐகோனெஸ்’ என்னும் படநூல் 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக, 2101 கல்லச்சுப் படங்களுடன் வெளிவந்தது. படத்தில் கிளை இயல்பான தோற்றத்தில் நிற்கும். பூவின் அறுப்பும் சூலகமும் வித்தும் பெருக்கிக் காட்டப்பெறும். கிளையை மூலம் எனக் கொண்டால் இவ்வுறுப்புப் படங்களை உரை எனலாம். உரையின்றி மூலத்தின் இனம் துணிதல் அரிது.

இவ்வோவியரைச் சொன்னதைப் பார்த்தெழுதிய கைவினைஞர் என்பாரும் உளர். அது பொருந்தாது. வில்லையின்கீழ்த் தூசும் தெரியும், கிழிந்த இதழும் தெரியும். அவற்றை விலக்கி, இனத்துக்குரிய இயல்பை மட்டும் வரைதல் வேண்டும். காண்பது ஒரு பூ. வரைவதோ அவ்வினத்தின் பூ. இத்தெரிவு அறிவின் செயலாதலின், ஓவியர் கைக்கும் அதில் பங்குண்டு.

வைட் இதனை உணர்ந்தவர். படங்கள் பலவற்றில் ஓவியர் பெயர் பொறிக்கப்பெற்றது. ரங்கையாவுக்குப் பின் வரைந்த கோவிந்துவின் பெயரால் ‘கோவிந்தூயா’ என ஓர் ஆர்க்கிடுப் பேரினத்தையும் அமைத்தார். பின்வந்த அறிஞர் அதனை ‘டிராப்பிடியா’ என்னும் பேரினத்துள் அடக்கிவிட்டனர். பெயர் வழக்கொழிந்தது, படங்களோ இன்றும் செடியின் இனம் துணிவார்க்குச் சான்றாக நிற்கின்றன. ஆதலின், தமிழகக் கலைவரலாறும் அறிவியல் வரலாறும் எழுதப்புகுவோர் இவ்விருவரையும் விடாது குறித்தல் கடனாகும்.