சிஸ்தேர்சியக் கன்னியர் மடங்களில் உழைப்பும் உணவுற்பத்தியும்

ஐரோப்பியத் துறவற வரலாற்றாசிரியர் செபத்தைப் பற்றி எழுதிய அளவிற்கு அடுப்பைப் பற்றி எழுதினாரல்லர். 1098இல் பிரான்சின் சீத்தோவில் தோன்றிய சிஸ்தேர்சிய சபை, தன் கையால் உழைத்து உண்பதைத் துறவின் இலக்கணமாகவே கொண்டது. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ற் வகுத்த ஒழுங்கின் 48ஆம் அதிகாரம் இதற்கு ஆதாரமாயிற்று. அதன் 57ஆம் அதிகாரமோ, மடத்துக் கைவினைப் பொருள்களை வெளியார் விலையினுஞ் சற்றுக் குறைத்தே விற்றல் வேண்டும் என விதித்தது. மடத்துக்கும் சந்தைக்குமிடையிலான உறவு எத்துணைப் பழைமையானது என்பதற்கு இவ்விதியே சான்றாகும்.

கன்னியர் நிலை சிறிது வேறுபட்டது. சபையின் முதற் கன்னியர் மடம் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தார் என்னுமிடத்தில் எழுந்தது. 1298இல் பாப்பரசர் எட்டாம் பொனிபாஸ் துறவுப் பெண்கள் மதிலுக்குள்ளேயே வாழவேண்டும் என ஆணையிட்டார். உள்ளேயும் உழைப்புச் சமமாகப் பங்கிடப்படவில்லை. இலத்தீன் செபங்களைப் பாடிய கன்னியர் ஒரு சாரார். அடுக்களையிலும் தொழுவத்திலும் பாடுபட்ட பணிச்சகோதரியர் மறு சாரார். பின்னையோர்க்கு மடத்தலைவியைத் தெரியும் வாக்குரிமை இருக்கவில்லை. உழைப்பே வழிபாடு என்ற கோட்பாட்டின் நிழலிலேயே இவ்வேற்றத்தாழ்வு நிலைபெற்றதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். சபையின் கடுந்தவக் கிளையான திராப்பிஸ்ற் மடங்களில் 1960களில்தான் இப்பிரிவு நீக்கப்பட்டது.

அக்காலத்திலேயே, 1964இல், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றையண்டி ஒரு திராப்பிஸ்ற் கன்னியர் மடம் அமைந்தது. அதன் வழிமரபு சுவையானது. பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பியோடிய கன்னியர் 1802இல் இங்கிலாந்தின் ஸ்ரேப்பிலில் குடியேறினர்; அங்கிருந்து 1932இல் அயர்லாந்தின் கிளென்கெயாணுக்கும், அங்கிருந்து 1949இல் மசச்சூசெற்சின் றெந்தத்துக்கும், றெந்தத்திலிருந்து அயோவாவுக்கும் கிளைகள் சென்றன. றெந்தம் மடமும் அயோவா மடமும் இனிப்புப் பண்டங்களாற் பெயர்பெற்றன. அயோவாக் கன்னியர் செய்வது கரமல். சீனி, வெண்ணெய், பாலாடை ஆகியவற்றைக் காய்ச்சுங்கால் வெப்பநிலை சில பாகை பிசகினும் பண்டம் கல்லாகிவிடும் அல்லது இளகிவிடும். நாளில் ஏழுமுறை செபமணி ஒலிக்கும் மடத்திலே பாகு மணியோசைக்குக் காத்திராது. ஆதலால் செபங்களுக்கிடையே அடங்குமாறு வேலையைப் பகுக்க வேண்டியிருக்கிறது. நத்தாரையொட்டியே விற்பனை மிகுவதால் உழைப்பும் அப்பருவத்திலேயே செறிகின்றது.

இங்கு கூலியில்லை, வரவு பொதுவுடைமை. எனினும் வெளிச்சந்தை முதலாளித்துவச் சந்தையே. மலிவாக விற்கப் பணித்த 57ஆம் அதிகாரம் ஆலைகள் தோன்றாத காலத்து விதி. இன்று எந்தக் கைப்பண்டமும் ஆலைப் பண்டத்தினும் மலிவாதல் அரிது. கையால், அதுவும் துறவியர் கையால் ஆக்கப்பட்டமையே அப்பண்டத்தின் தனி மதிப்பாகிவிட்டது. வாங்குவோர் கரமலோடு அம்மதிலுக்குப் பின்னாலுள்ள மௌனத்துக்கும் சேர்த்தே விலை கொடுக்கின்றனர்.